பசை மூடி திறக்கப் போனவர்

செல்வமேரி மிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பசைப் புட்டிகளின் மூடியைத் திறந்து கொடுக்க ஓர் ஆள். சீனியர் கேஜி பிள்ளைகளின் விரல்களுக்கு அந்த மூடியைத் திறக்க வராது. திறந்துவிட்டால் மூட வராது. கிறிஸ்துமசுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து கூட உட்கார்ந்தால் போதும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அதற்காக வாசுதேவன் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, முந்தின நாளே சாக்பீஸ், அளவு நாடா, விசில் மூன்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டார் என்றால், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாசுதேவன் கோயமுத்தூர்க்காரர். புனேவுக்குப் பக்கத்தில் சாகணில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் பொறியாளர். புனேவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் அவருடைய இந்தி இன்னும் பாதி வழியில்தான் இருந்தது. ஆனால் வேலையில் புலி. எதைப் பார்த்தாலும் இதை இன்னும் சீக்கிரமாக, இன்னும் ஒரே மாதிரியாக எப்படிச் செய்யலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். வீட்டில் சப்பாத்தி போடும்போது கட்டையை இடப்பக்கமும் கல்லை வலப்பக்கமும் மாற்றி வைத்து, நடுவில் மாவு உருண்டைகளை வரிசையில் நிறுத்தி, மனைவி ஸ்ரீவித்யாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தோல்வி. சாகணில் அவருக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. மகள் வைஷாலியின் பள்ளியிலோ விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி, பெற்றோர் கூட்டம் எல்லாமே சனிக்கிழமை. அதனால் எல்லாவற்றுக்கும் ஸ்ரீவித்யாதான் போவாள். அவளுக்கு ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை வீட்டில் இருப்பாள். வாசுதேவன் அந்தப் பள்ளியின் கேட்டைக்கூடப் பார்த்ததில்லை. இதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை, போன வாரம் வைஷாலி வந்து கேட்கும் வரை.

"அப்பா, உங்க போட்டோ ஒண்ணு குடுங்க. கிளாஸுக்குக் கொண்டுபோகோணும்."

"எதுக்கு கண்ணு?"

"நவாஸ் சொல்றான், எனக்கு அப்பாவே இல்லீங்களாமா."

நவாஸைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோந்த்வாவில் போர்வைக் கடை வைத்திருக்கும் முகம்மது மீரானின் மகன் அவன். கடைக்காரப் பிள்ளை, சரக்கைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். வாசுதேவனுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. போட்டோ எதற்கு, நானே வருகிறேன் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டார். வைஷாலிக்கு ஓர் அப்பா இருக்கிறார், அதுவும் லேசுப்பட்ட அப்பா இல்லை என்று அந்த வகுப்பு முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு சனிக்கிழமை கிடையாது.

அன்றைக்குப் பார்த்து ஸ்ரீவித்யாவுக்கு ஹிஞ்சேவாடியில் அவசர வேலை. கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏனுங்க, மூடியத் தொறந்து குடுத்துப்போட்டு சும்மா உக்காந்திருங்க. அங்க போயி ஃபேக்டரி நடத்தாதீங்க."

"நான் எதுக்கு நடத்தறேன்?" என்றார் வாசுதேவன். பையில் விசில் இருப்பதை அவள் பார்க்கவில்லை.

ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம்தான் பள்ளி. சீனியர் கேஜி வகுப்புக்கு வெளியே நீளமான வராந்தா. செல்வமேரி மிஸ் புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பம் தமிழ்நாட்டை விட்டு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது; அவருடைய தமிழில் பாதிக்கு மேல் இந்தி ஏறி உட்கார்ந்திருந்தது. "அச்சா, நீங்கதான் வைஷாலி பப்பாவா? பஹுத் அச்சா. பசை எல்லாம் அந்தக் கோடியில இருக்கு சார், பைட்டியே, உக்காருங்க" என்று வரவேற்றார்.

வைஷாலி அப்பாவின் கையைப் பிடித்து வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். நவாஸின் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். நவாஸ் அவருடைய கண்ணாடியையும் தடித்த மீசையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவனைப் போலத் தலையாட்டினான்.

செல்வமேரி மிஸ் முதலில் கதை சொன்னார். கிறிஸ்துமஸ் தாத்தா சிவப்புத் தொப்பி போட்டிருப்பார், வெள்ளைத் தாடி வைத்திருப்பார், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வருவார், வரும்போது சும்மா வரமாட்டார் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். வைஷாலி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எல்லாரும் ஆளுக்கொரு தாத்தா முகம் செய்யப் போகிறார்கள். முகத்துக்குக் காகிதத் தட்டு. தொப்பிக்குச் சிவப்புத் தாள். தாடிக்குப் பஞ்சு. கண்ணுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, மூக்குக்குச் சிவப்புப் பொட்டு. மிஸ் செய்த மாதிரித் தாத்தா ஒன்று கரும்பலகையில் தொங்கியது. அதுவே லேசாகச் சாய்ந்துதான் இருந்தது. வாசுதேவன் போய் நேராக்கிவிட்டு வந்தார்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். ஒருவன் தாத்தாவுக்கு மூன்று கண் வைத்தான். ஒருத்தி தொப்பியை மோவாயில் ஒட்டினாள். இன்னொருவன் பஞ்சைத் தன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, இனித் தட்டு எதற்கு என்று அதைத் தள்ளி வைத்துவிட்டான். வாசுதேவன் மூடிகளைத் திறந்து கொடுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பசை, எவ்வளவு பஞ்சு, எவ்வளவு சேதாரம்.

அந்த நேரத்தில்தானா ஆயா வந்து செல்வமேரி மிஸ்ஸை ஆபீஸில் கூப்பிடுவதாகச் சொல்ல வேண்டும். கேக் வந்திருக்கிறதாம், ஆனால் வேறு பள்ளியின் பேரோடு வந்திருக்கிறதாம். "ஜல்தியா வந்துர்றேன் சார். கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மிஸ் எழுந்து போனார். பாவம், நல்ல மனுஷி. யாரிடம் எதை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வாசுதேவன் பையைத் திறந்தார்.

வகுப்பிலிருந்த பெஞ்சுகள் வராந்தாவில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைக்கு வந்தன. தரையில் சாக்பீஸால் கோடுகள் விழுந்தன. முதல் பெஞ்சில் தட்டு, இரண்டாவதில் தொப்பி, அடுத்ததில் கண், அதற்கடுத்து மூக்கு, பிறகு தாடி. முதல் பெஞ்சைத் தவிர ஒவ்வொன்றிலும் நாலைந்து பிள்ளைகள். அவரவர் தன் வேலையை மட்டும் செய்து, விசில் அடித்ததும் தட்டை அடுத்த பெஞ்சுக்குத் தள்ள வேண்டும். பசை எடுத்ததும் புட்டியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்; அவரே இறுக்கி மூடி வைப்பார். கடைசியில் தரம் பார்ப்பவர் வாசுதேவன். அவர் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கூடை. சாகணில் கழித்துக் கட்டும் உருப்படிகளைச் சிவப்புத் தொட்டியில்தான் போடுவார்கள். இங்கே அதிர்ஷ்டவசமாக விளையாட்டுச் சாமான் கூடை சிவப்பாகவே கிடைத்தது.

வைஷாலியை முதல் பெஞ்சில் தனியாக நிறுத்தினார்.

"அப்பா, நான் தாடி ஒட்டறேனுங்க" என்றாள் அவள்.

"நீ தட்டு எடுத்துக் குடு கண்ணு. நீ குடுத்தாத்தான் மத்தவங்களுக்கு வேலையே ஆரம்பமாகும்."

தன் மகளுக்கு மட்டும் நல்ல வேலை கொடுத்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த வகுப்பில் அப்படிச் சொல்லக்கூடிய வயதில் ஒருவரும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

விசில் ஊதினார். பிள்ளைகளுக்கு முதலில் குஷி தாங்கவில்லை. ரயில் விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். தட்டுகள் நகர்ந்தன. கண் பெஞ்சில் நவாஸ் மற்றவர்களை ஓரம் தள்ளிவிட்டுத் தானே எல்லாக் கண்ணையும் ஒட்டினான். மூக்கு பெஞ்சில் ஒரு மராத்திச் சிறுமி, ஒவ்வொரு மூக்கையும் ஒட்டிவிட்டு அதைத் திருகிப் பார்த்துக்கொண்டாள். வாசுதேவன் உள்ளுக்குள் பூரித்துப் போனார். ஸ்ரீவித்யா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். பிறகு, பார்க்காமல் இருப்பதே நல்லது என்றும் நினைத்தார். ஒன்றுபோல ஒன்று, அச்சில் வார்த்தது போலத் தாத்தாக்கள் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஒரு தாத்தா ஆரஞ்சுத் தாடியோடு வந்தார். பின்னாலேயே இன்னொருவர்.

தாடி பெஞ்சில் இருந்தது அர்ஃபா, நவாஸின் கூடப் பிறந்த இரட்டை. பஞ்சை ஒட்டிய கையோடு ஸ்கெட்ச் பேனாவால் ஆரஞ்சு வண்ணத்தை நிதானமாகத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன சாமி, தாடி இந்தக் கலர்ல?"

"எங்க நன்னாவுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றாள் அர்ஃபா, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

நன்னா என்றால் அவளுடைய அம்மா சுலைஹாவின் அப்பா. தாடிக்கு மருதாணி பூசுகிறவர். தினமும் பள்ளி விடும் நேரத்துக்குக் கேட்டில் நின்று, பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கை நீட்டுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கடலை மிட்டாய் கொடுக்கிறவர். நீளத் தாடி வைத்த, தின்பண்டம் கொண்டுவருகிற தாத்தா என்றால் அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அது பள்ளிக் கேட்டுப் பக்கம் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். வாசுதேவன், "மிஸ் போர்டுல வெச்சிருக்கறதப் பாரு, வெள்ளையாத்தான இருக்குது" என்று சொல்லி, ஆரஞ்சுத் தாடி இரண்டையும் சிவப்புக் கூடையில் போட்டார். அர்ஃபா கூடையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாடிதான்.

செல்வமேரி மிஸ் கேக் விவகாரத்தை முடித்துவிட்டு வந்தபோது, வராந்தாச் சுவரோரமாகத் தாத்தாக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். ஒரு கண் ஏறி இறங்கவில்லை. ஒரு தொப்பி சரியவில்லை.

"அரே வா" என்றார் மிஸ். சற்று நின்று பார்த்துவிட்டு, "சார், இதுல யாரு எதைச் செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"எல்லாருஞ் சேந்து செஞ்சதுங்க."

"அது சரி" என்றார் மிஸ்.

அந்த 'அது சரி'யின் அர்த்தம் வாசுதேவனுக்கு அப்போது பிடிபடவில்லை. மிஸ் கை தட்டி, சரி, எல்லாரும் போய் அவரவர் தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. ஒரு பிள்ளையும் நகரவில்லை. வரிசையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் வாசுதேவனைப் பார்த்தார்கள். என்னுடையது எது?

முதலில் வழி கண்டுபிடித்தவன் நவாஸ். அவன் நேராகப் போய் முதல் தாத்தாவின் இரண்டு கண்களையும் பிய்த்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டான். அடுத்த தாத்தாவிடம் போனான். அவருக்கும் கண் போயிற்று.

"ஏய், ஏய், என்ன பண்றே?" என்று ஓடினார் வாசுதேவன்.

"கண்ணெல்லாம் நான்தானே ஒட்டினேன்" என்றான் நவாஸ்.

அவன் சொன்னது முழு உண்மை. அதற்குள் மூக்குச் சிறுமி தன் மூக்குகளைச் சேகரிக்கக் கிளம்பிவிட்டாள். தொப்பிக்காரர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். அர்ஃபா சத்தமே போடாமல் தாடிகளை ஒவ்வொன்றாக உரித்து ஃபிராக்கில் கட்டிக்கொண்டாள். ஒட்டும்போது எவ்வளவு ஒழுங்காக நடந்ததோ, பிய்க்கும்போதும் அவ்வளவு ஒழுங்காக நடந்தது. அந்தப் பெருமை மட்டும் வாசுதேவனைச் சேரும். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் வெறும் தட்டுகள்தான் மிஞ்சின.

வைஷாலி போய் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அவள் செய்தது அது ஒன்றுதானே. நெஞ்சு வரை உயர்ந்த அடுக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பையன் அவளிடம் இந்தியில் கேட்டான்: "உன் பப்பா எப்பவுமே இப்படித்தானா?"

வைஷாலி கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரியாது" என்றாள்.

வாசுதேவனுக்கு இந்தி அரைகுறைதான். ஆனால் இந்தப் பதில் நன்றாகவே புரிந்தது. அவமானமாக இருந்தது. பிள்ளைகள் முன்னால் அல்ல, அந்தத் தட்டு அடுக்குக்கு மேலே தெரிந்த அந்த முகத்தின் முன்னால். லேசுப்பட்ட அப்பா இல்லை என்று காட்ட வந்தவர், இப்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

செல்வமேரி மிஸ் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்புதான், ஆனால் அதில் விஷமம் இல்லை. "சார், பெஞ்சு எல்லாம் வேணாம். கீழ பைட்டியே. பஸ், அது போதும்" என்றார்.

வாசுதேவன் கீழே உட்கார்ந்தார். வைஷாலி ஆளுக்கொரு தட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு, அப்பாவின் மடியிலும் ஒன்றைப் போட்டாள்.

அப்புறம் அங்கே நடந்தது சந்தை. நவாஸிடம்தான் கண் முழுக்க இருந்தது. ஒரு பிடிப் பஞ்சுக்கு இரண்டு கண் என்று விலை சொன்னான். மூக்குச் சிறுமி ஒரு மூக்குக்கு ஒரு தொப்பி கேட்டாள். யாரும் மசியாததால் கொஞ்சம் இறங்கி வந்தாள். அர்ஃபா கூடப் பிறந்தவளாயிற்றே என்று நவாஸ் தள்ளுபடி எதுவும் தரவில்லை. வாசுதேவனிடம் மாற்றுவதற்கு ஒரு பொருளும் இல்லை. அவர் ஒட்டியது ஒன்றுமில்லை. குறை கண்டுபிடித்தது மட்டும்தான். அதை வாங்க ஆள் வருமா? கண்ணில்லாத, மூக்கில்லாத தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நவாஸ் ஒரு பசைப் புட்டியோடு அவர் முன்னால் வந்து நின்றான். மூடி அசையவில்லை. எப்படி அசையும்? இறுக்கி மூடியவர் அவரல்லவா.

"தொறந்து தாங்க அங்கிள்."

வாசுதேவன் புட்டியை வாங்கினார். அவனைப் பார்த்தார். "ரெண்டு கண்ணு குடுப்பியா?" என்றார்.

"ஒண்ணு" என்றான் நவாஸ்.

பேரம் ஒன்றிலேயே முடிந்தது. அடுத்து மூக்குச் சிறுமி வந்தாள், தொப்பிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கூலி. செல்வமேரி மிஸ் எந்த வேலைக்காக அவரைக் கூப்பிட்டாரோ, அந்த வேலையைச் செய்துதான் வாசுதேவன் அன்றைக்குப் பிழைத்தார். கண் ஒன்றுதான் கிடைத்ததால் மூக்குப் பொட்டு ஒன்றை மறு கண்ணாக ஒட்டினார்; அவருடைய தாத்தாவுக்கு ஒரு கண் கறுப்பாகவும் ஒரு கண் சிவப்பாகவும் அமைந்தது. பரவாயில்லை என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளி விடும் நேரம் வந்தது. கேட்டில் மற்றவர்களோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். மருதாணி பூசிய தாடி, வெயிலில் நல்ல ஆரஞ்சாகத் தெரிந்தது. அர்ஃபா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள். அதில் இருந்த தாத்தாவும் அவரும் ஒரே வார்ப்பு. வாசுதேவன் பெரியவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சிவப்புக் கூடையைப் பார்த்தார். எழுந்து போய் அர்ஃபாவிடம், "நீ செஞ்சதுதான் சாமி சரி" என்றார். அவள் அதைத் தெரிந்த விஷயமாகவே எடுத்துக்கொண்டாள். பெரியவர் ஒன்றும் புரியாமல், வாசுதேவன் கையிலும் ஒரு கடலை மிட்டாய் வைத்தார்.

வைஷாலி இன்னும் வராந்தாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ மறைத்து மறைத்துச் செய்துகொண்டிருந்தாள். அப்பா வந்ததும் தட்டைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புத் தொப்பி இருந்தது. கண்ணுக்கு மேல் பேனாவால் கண்ணாடி வரைந்திருந்தாள். மூக்குக்குக் கீழே தடித்த கறுப்பு மீசை. அவ்வளவுதான்.

"தாடி எங்க கண்ணு?"

"உங்களுக்குத்தான் தாடி இல்லீங்களே."

"இது நானா? நான் எப்படி கிறிஸ்துமஸ் தாத்தா ஆவேன்?"

"மிஸ் சொன்னாங்கல்லங்க" என்றாள் வைஷாலி. "வருஷத்துக்கு ஒருக்காத்தான் வருவாருன்னு."

குறையாகச் சொல்லவில்லை. கதையைக் கவனமாகக் கேட்டு, தெரிந்த ஆளோடு பொருத்திப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். வாசுதேவன் அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் ஏறியிருந்தது, கண்ணாடியின் ஒரு வட்டம் பெரிது, தொப்பி காதைத் தாண்டிச் சரிந்திருந்தது. அவருடைய கணக்குப்படி அது சிவப்புக் கூடைக்குப் போக வேண்டிய உருப்படி. அதை வேறு யாரும் தொட்டுவிடாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

செல்வமேரி மிஸ் பெஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்டே கேட்டார்: "சார், சங்கராந்திக்குப் பிள்ளைங்க பட்டம் செய்யுதுங்க. அதுவும் சனிக்கிழமைதான். நூல் சுத்த ஆள் வேணும். முடியுமா?"

வைஷாலி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"வர்றேனுங்க மிஸ்" என்றார் வாசுதேவன். லீவு கிடைக்குமா என்று யோசிக்கவே இல்லை.

வைஷாலி அவர் தோளில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்தாள். "விசில வீட்டுலயே வெச்சுப்போட்டு வாங்க" என்றாள்.